சட்டம் சுமந்த நூல்கள் – 14: கடல் பொது, ஜாதிக்காய் யாருக்கு?

லூவஸ்டைன் கோட்டைச் சிறையிலிருந்து புத்தகப் பெட்டிக்குள் சுருண்டு படுத்துத் தப்பிய ஹியூகோ க்ரோஷியஸைப் போன வாரம் பாரிஸில் விட்டோம். விட்டுப்போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

சிறையில் அவர் எழுதி 1631இல் அச்சான ஹாலந்துச் சட்ட நூல், இலங்கை நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்த கதை இந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தோம். ஆனால், கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தும் என்பதில் அந்த மனிதருக்கு அத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1613ஆம் ஆண்டு லண்டனில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே நடந்ததை ஒரு பத்தியில் தாண்டிப்போக மனம் வரவில்லை.

முதலில் கப்பல். 1603 பிப்ரவரி 25 அன்று, இன்றைய சிங்கப்பூரை ஒட்டிய கடலில், ‘சாந்தா கத்தரினா’ என்ற போர்ச்சுக்கீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க் பிடித்தார். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த கப்பல். ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டபோது ஏறத்தாழ 35 லட்சம் கில்டர் வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது திரட்டிய மொத்த மூலதனமே சுமார் 64 லட்சம்தான். பணம் வந்ததே தவிர, பங்குதாரர்களில் சிலருக்கு, குறிப்பாகப் போரையே பாவமாகக் கருதிய மென்னோனைட் கிறிஸ்தவர்களுக்கு, அது உறுத்தியது. போரில் கிடைத்த நியாயமான பொருள்தான் என்று 1604 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியும் ஊர் வாய் அடங்கவில்லை. கம்பெனி, 21 வயது வழக்கறிஞரான க்ரோஷியஸிடம் நியாயம் எழுதித் தரச் சொன்னது.

அவர் பெரிய நூலாகவே எழுதிவிட்டார். முழுதாக அச்சேற்றவில்லை. 12ஆவது அத்தியாயத்தை மட்டும் சற்றுத் திருத்தி, 1609இல் லைடன் நகரில் பெயர் போடாமல் வெளியிட்டார்கள். அதுதான் ‘மாரே லிபெரும்’, அதாவது ‘சுதந்திரக் கடல்’. கடல் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் யாரோடும் வாணிபம் செய்யலாம், போப்பாண்டவர் எழுதிக் கொடுத்தார் என்பதற்காக இந்தியப் பெருங்கடல் போர்ச்சுக்கீசியருக்குச் சொந்தமாகிவிடாது என்று வாதிடும் சின்னஞ்சிறு நூல்.

மீதி அத்தியாயங்கள் என்னவாயின? வாரிசுகள் வீட்டுக் காகிதக் கட்டுகளில் இரண்டரை நூற்றாண்டு கிடந்தன. 1864இல் ஹேக் நகரில் மார்ட்டினுஸ் நெய்ஹாஃப் என்ற புத்தக வணிகர் அந்தக் கட்டுகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. லைடன் பல்கலைக்கழகம் வாங்கியது. உலகப் பொதுக் கொள்கையாகத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த நூல், ஒரு கப்பல் வழக்குக்காக எழுதிய வாதத்தின் துண்டு என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது லண்டன். பண்டா தீவுகளில் எங்களை ஏன் வாணிபம் செய்யவிடாமல் தடுக்கிறீர்கள் என்பது ஆங்கிலேயரின் புகார். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள இந்தக் குட்டித் தீவுகளில் மட்டுமே அன்று ஜாதிக்காய் விளைந்தது. பேச்சுவார்த்தைக்கு டச்சுக்காரர்கள் அனுப்பிய குழுவில் வாதத் திறமைக்காகவே சேர்க்கப்பட்டவர் க்ரோஷியஸ். எதிர்த் தரப்பினர் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட நூல் எது தெரியுமா? ‘மாரே லிபெரும்’! கடல் பொது, வாணிபம் பொது என்று அந்தப் பெயரில்லாத நூலின் வரிகளையே அதன் ஆசிரியர் முன்னால் எடுத்து வைத்தார்கள். அட்டையில் அவர் பெயர் ஏறியது அடுத்த ஆண்டு வந்த டச்சு மொழிபெயர்ப்பில்தான்.

க்ரோஷியஸ் எழுதியதை மறுக்கவில்லை. ஜாதிக்காயை டச்சுக்காரர்களுக்கு மட்டுமே விற்பதாகப் பண்டாத் தலைவர்கள் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார். யாரோடும் வாணிபம் செய்யும் சுதந்திரம் என்றால், ஒருவருக்கு மட்டுமே விற்பதாக வாக்குக் கொடுக்கும் சுதந்திரமும் அதில் அடக்கம். கொடுத்தபின் பிறருக்கு விற்கும் உரிமை போய்விடுகிறது. அதோடு, போர்ச்சுக்கீசியரிடமிருந்து தீவுகளைக் காக்க டச்சுக்காரர்கள் நிறையச் செலவழித்திருக்கிறார்கள். அதற்குக் கைம்மாறுதான் இந்த வாக்கு. 1615இல் ஹேக்கில் மறுபடி கூடினார்கள். அப்போதும் இதே வாதம், அப்போதும் முடிவில்லை.

வாதம் சட்டப்படி கச்சிதம். தீவுக்காரர்களின் அன்றாடத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் கொடுமை தெரியும். பண்டாவில் ஜாதிக்காய் உண்டு, சோற்றுக்கு வழியில்லை. அரிசியும் சவ்வரிசி மாவும் வெளியிலிருந்து படகில் வர வேண்டும். ஜாவா, மலாய் வணிகர்கள் அவற்றைக் கொண்டுவந்து ஜாதிக்காயை ஏற்றிப் போனார்கள். ஒருவருக்கே விற்பது என்றால் மற்றப் படகுகள் வராது. அவை வராவிட்டால் அடுப்பு எரியாது. கையெழுத்திட்டவர்களும் தீவின் எல்லாத் தலைவர்களும் அல்லர், சிலர்தான். அதனால் மக்கள் மற்றவர்களுக்கும் விற்றார்கள். கம்பெனி அதை வாக்குத் தவறல் என்று கணக்கு வைத்தது.

அந்த வாணிபத்தின் இன்னொரு முனை நம் கரையில் இருந்தது. ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மாற்றாக அந்தத் தீவுகளில் விலைபோனது சோழமண்டலக் கரைத் துணி. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்ததும் லண்டன் பேச்சு நடந்த அதே 1613இல்தான்.

1621 மார்ச்சில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கூன் படையோடு பண்டாவில் இறங்கினார். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்பதே குற்றச்சாட்டு. மே மாதம் 44 தலைவர்களைக் கூலிப்படையினரைக் கொண்டு வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர்வரைதான் மிஞ்சினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பு. தோட்டங்களுக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். க்ரோஷியஸ் பெட்டிக்குள் படுத்துத் தப்பியது அதே 1621 மார்ச்சின் 22ஆம் நாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, பாரிஸில், ‘போர், அமைதிச் சட்டம்’ என்ற அவருடைய பெருநூல் வெளிவந்தது. இரண்டாம் பாகம், இரண்டாம் அத்தியாயம், 24ஆம் பிரிவைப் பாருங்கள். வேறெங்கும் விளையாத பொருளை ஒருவருக்கே விற்பதாக ஒரு மக்கள் கூட்டம் ஒப்பந்தம் செய்யலாமா என்று கேட்டு, செய்யலாம் என்கிறார். வாங்குகிறவர் மற்றவர்களுக்கு நியாய விலையில் விற்கத் தயாராக இருந்தால் போதும். பாதுகாப்புக்குச் செலவழித்தவருக்கு அந்தச் சலுகை பொருந்தும் என்ற லண்டன் வாதமும் அங்கேயே வருகிறது. விளைவித்தவனுக்கு என்ன விலை என்ற பேச்சு அந்தப் பிரிவில் இல்லை. சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று இவரைக் கொண்டாடும் யாரும் இந்தப் பிரிவைப் படிக்காமல் கடந்துவிடக் கூடாது.

இந்தக் கதையைக் கிழக்கிலிருந்து பார்க்க முயன்றவர் சி.எச். அலெக்சாண்ட்ரோவிச். போலந்துக்காரர். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்தவர். ஆசிய அரசர்களோடு ஐரோப்பியர் செய்த ஒப்பந்தங்களை ஆராய்ந்து 1967இல் ஒரு நூல் வெளியிட்டார். சுதந்திரக் கடல் என்பது இந்தியப் பெருங்கடலில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது, க்ரோஷியஸ் அதிலிருந்து ஊக்கம் பெற்றார் என்பது அவர் கட்சி. அதற்கு ஆதாரம் போதாது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த ஒப்பந்தங்களில் ஆசிய அரசர்கள் சமமான தரப்பாக நின்றார்கள் என்று அவர் காட்டியதை ஒதுக்கிவிட முடியாது.

இலங்கை அடுத்த வாரம். கைம்மாறு எதுவும் பெறாமல் கொடுத்த வாக்கு ஆங்கிலச் சட்டத்தில் செல்லாது, கொழும்பில் செல்லும். ஏன் என்பதை 1918இல் பிரிவி கவுன்சில்வரை போன ஜயவிக்ரம–அமரசூரிய வழக்கிலிருந்து தொடங்கலாம்.