மழைநீரை வாறுகாலில் விடாதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஆனால் தெருவோரச் சாக்கடையான வாறுகால் பொங்கித் தெருவுக்கு வர அவ்வளவு மழை தேவையில்லை. ஐப்பசியில் ஒரு மணி நேரம் விடாமல் பெய்தாலே போதும். மலையடிவாரத்தில் இருக்கும் புளியங்குடி போன்ற ஊர்களில் மேட்டுத் தெருவின் தண்ணீர் முழுவதும் பள்ளத்துத் தெருவைத் தேடி வரும். வரும் வழியில் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு வரும்.

மாடியிலிருந்து எவ்வளவு தண்ணீர்?

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் சேரும். 5 செ.மீ. பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல். நான்கு பேர் வாழும் ஒரு வீட்டின் ஒரு நாள் கழிவுநீர் 500 லிட்டர் அளவில்தான் இருக்கும். ஒன்பது நாள் கழிவுநீருக்குச் சமமான தண்ணீரை, மாடிக் குழாய் வழியாக ஓரிரு மணி நேரத்தில் வாறுகாலில் இறக்குகிறோம். தெருவில் எல்லா வீடுகளும் இதையே செய்தால் எந்த வாறுகால் தாங்கும்? பாலித்தீன் பை அடைத்ததும் ஒரு காரணம்தான். ஆனால் தூர்வாரிய வாறுகாலும் இந்த அளவுக்கு ஈடுகொடுக்காது.

பாதாளச் சாக்கடை வந்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையும் முழுச் சரியல்ல. சென்னையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் உண்டு. தெருவில் தண்ணீர் நின்றால் சிலர் கழிவுநீர் மூடியைத் திறந்து மழைநீரை அதற்குள் விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தாழ்வான பகுதியில் இன்னொரு மூடி வழியாக மலத்தோடு அது வெளியே வருகிறது.

குடிநீர்க் குழாய்க்குள் சாக்கடை

தெருவில் நாறுவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பல ஊர்களில் வீட்டு இணைப்புக் குழாய்கள் வாறுகாலைக் கடந்தே, சில இடங்களில் அதற்குள்ளேயே செல்கின்றன. தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியே நீர் வெளியேதான் கசியும். விநியோகம் நின்றதும் அந்த அழுத்தம் போய்விடும். அப்போது வாறுகால் நிரம்பி நின்றால் அதே விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே போகும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை இன்னும் மோசமாக்கும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை ஆகியவை ஒரே தெருவில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் குழாயைத்தான்.

மழை விட்ட பிறகு குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காதீர்கள். கலங்கலோ வாடையோ இருந்தால் நகராட்சிக்கு உடனே சொல்லுங்கள். குடிக்கும் நீர் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும்?

வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். கரைசல் உடனே கொடுக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். குழந்தைகளுக்கு மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாள் வரை கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

தேங்கிய நீரில் நடந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். “தண்ணீரில் நடந்தேன்” என்று மருத்துவரிடம் சொல்வது அவசியம். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட வாய்ப்புண்டு. காலில் புண் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று வெட்டிய குழிகளில் பல இன்று மண்மூடிக் கிடக்கின்றன. புதிதாக வெட்டும் முன் பழையதைத் தோண்டிப் பாருங்கள். அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். மாடியைப் பெருக்கி, முதல் மழையை வெளியே விட்டு, பிறகு வரும் நீரைக் குழிக்குத் திருப்பலாம். செப்டிக் டேங்குக்கு அருகில் மட்டும் இந்தக் குழி கூடாது. முற்றம் முழுவதும் சிமென்ட் பூசாமல் ஓரளவாவது மண்ணாக விட்டாலே மழையில் ஒரு பங்கு அங்கேயே இறங்கிவிடும்.

செப்டிக் டேங்க்

கழிவுநீரை உறிஞ்சுகுழிக்கு விடாமல் நேராக வாறுகாலில் விட்டிருக்கும் வீடுகள்தான் மழைக்காலத்தில் தெரு முழுவதற்கும் நோய் கொடுக்கின்றன. இதைச் சொல்லத் தயங்கிப் பயனில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன்பே தொட்டியைக் காலி செய்யுங்கள். 14420 என்ற எண்ணை அழைத்தால் உரிமம் பெற்ற லாரி பற்றிக் கேட்கலாம். எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் விஷவாயு சில நொடிகளில் ஆளைக் கொல்லும். பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

வீட்டு வேலை இவ்வளவுதான். தெருவுக்காக, உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நம் தெருக் குடிநீர்க் குழாய் எந்தெந்த இடத்தில் வாறுகாலைத் தொடுகிறது? அதை மேலே தூக்கி மாற்றும் வேலை ஐப்பசிக்கு முன் முடியுமா?