முதுமையிற் கண்ணொளியும் அழற்சியும்

அகவை அறுபதைக் கடந்தோருட் சிலர், எழுத்துக்கள் நடுவே மங்குகின்றன என்றும், நேர்கோடு வளைந்து தோன்றுகின்றது என்றும் கூறக் கேட்கின்றோம். கேட்போர் அதனை மூப்பின் இயல்பென்றோ கண்புரையென்றோ கருதி வாளாவிருப்பர். கண்புரை சத்திரசிகிச்சையால் நீங்கும். இஃது அன்னதன்று, விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டு நலிவதால் விளைவது. வாசித்தற்கும் முகமறிதற்கும் வேண்டிய கூர்ம்பார்வை அச்சிறு பொட்டினாலேயே அமைகின்றது.

இந்நலிவு வெறுந் தேய்மானமன்று. அழற்சிக்கும் அதிற் பெரும் பங்குண்டு. அழற்சியாவது யாது? முள் தைத்த விரல் சிவந்து வீங்குதலை யாவரும் அறிவர். புகுந்த பகையை அழித்துப் புண்ணை ஆற்றுதற்கு உடல் செய்யும் முயற்சியே அது. வேலை முடிந்ததும் அது அடங்குதல் வேண்டும். அடங்காது நீடிப்பின், காவலனே வீட்டைச் சிதைத்தவாறாகும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, விழித்திரையின் அடியிற் கொழுப்பும் புரதமுங் கலந்த கழிவுகள் மஞ்சள் நிறப் படிவுகளாகத் தேங்குகின்றன. இவற்றைத் துருசன் என்பர். நோய்க்கிருமிகளைத் தாக்குதற்கென உடலில் அமைந்த நிரப்புப் புரதங்கள் இப்படிவுகளுள் இருத்தலை ஆய்வாளர் கண்டனர். அப்புரதங்களை அடக்கியாள்வது 'காரணி எச்' என்னும் பிறிதொரு புரதம். அதன் பரம்பரையலகிலுள்ள ஒரு வேறுபாடு இந்நோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கின்றதென 2005ஆம் ஆண்டிற் பல ஆய்வுக் குழுவினர் வெளியிட்டனர். கடிவாளந் தளர, அழற்சி வலியேதுமின்றி மெல்ல அயற் கலங்களைக் கெடுக்கின்றது.

இந்நோய் இருவகைப்படும். ஈரவகையிற் புதிய குருதிக்கலன்கள் முளைத்துக் கசியும். கண்ணினுள் ஏற்றும் ஊசிமருந்து, காலத்தோடு தொடங்கின், பார்வையைக் காக்க வல்லது. உலர்வகையின் முற்றிய நிலைக்கென, நிரப்புப் புரதங்களைத் தடுக்கும் இரு மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது. அவை நலிவு பரவுதலைத் தாமதிப்பிப்பனவேயன்றி, இழந்த பார்வையை மீட்பன அல்ல.

ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை. புகைத்தலை ஒழித்தல் முதற்கடன். கீரையும் மீனும் உணவிற் சேர்த்தல் நன்று. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனை அணிந்தவாறே, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் இப்பக்கத்தின் வரிகளை நோக்குக; பின்னர் கண்ணை மாற்றி நோக்குக. இரு கண்ணுந் திறந்திருப்பின், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். வரிகள் வளைந்தோ நடுவில் மறைந்தோ தோன்றின், தாமதியாது கண் வைத்தியரை நாடுக.

இக்கல்லூரியிற் கற்ற எழுத்தை இறுதிவரை வாசிக்கும் பேறு நம் பழைய மாணவர் அனைவர்க்கும் வாய்ப்பதாக.