சுவருக்குள் எலி! விரட்டுவது எப்படி?

இரவு மணி 12. வீடு முழுவதும் அயர்ந்து தூங்குகிறது. திடீர் என்று சுவருக்குள் ஒரு சத்தம். ‘‘கர்... கர்... கர்...’’

‘‘என்னங்க! எழுந்திருங்க! சுவருக்குள்ளே ஏதோ கடிக்குது!’’ என்று மனைவி எழுப்புகிறார். கணவர் எழுந்து விளக்கைப் போடுகிறார். சத்தம் நின்று விடுகிறது. விளக்கை அணைத்ததும் மறுபடியும் ‘‘கர்... கர்...’’

‘‘காலையிலே கடைக்குப் போய் எலி மருந்து வாங்கிட்டு வர்றேன்’’ என்கிறார் கணவர்.

‘‘வேண்டாங்க! நம்ம பிள்ளை தரையிலே கிடக்கிறதை எல்லாம் எடுத்து வாயிலே வைக்கிறான். மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்!’’ என்கிறார் மனைவி.

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. இதில் மனைவி சொல்வதே சரி. ஏன் என்று பார்ப்போம்.

எதற்காகக் கடிக்கிறது?

எலியின் முன்பற்கள் சாகும் வரை வளர்ந்து கொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அவை அளவோடு இருக்கும். மரம், பிளாஸ்டிக் குழாய், மின்சாரக் கம்பி என்று எது கிடைத்தாலும் எலி கடிக்கும். கம்பியின் மேல் உறை போய் விட்டால், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

எலியின் குடும்பமும் வேகமாகப் பெருகும். சினையான எலி 3 வாரத்தில் குட்டி போடும். ஒரு தடவைக்கு 6 முதல் 8 குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகளும் 3 மாதத்தில் குட்டி போடத் தயார்! இன்று ஓர் எலிதானே என்று சும்மா இருந்தால், நாளை வீடு எலிகளுக்குச் சொந்தம்.

எலி தரும் நோய்

1896-ம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898-ல் கராச்சியில் ஆராய்ச்சி செய்தார். எலியின் உடலில் உள்ள தெள்ளுப்பூச்சிதான் இந்த நோயை மனிதனுக்குக் கொண்டு வருகிறது என்று கண்டுபிடித்தார்.

பிளேக் இன்று அபூர்வம். ஆனால் எலிக் காய்ச்சல் இன்றும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள புண் வழியாக உடம்புக்குள் போனால் இந்தக் காய்ச்சல் வரும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே டாக்டரிடம் போனால் குணப்படுத்தி விடலாம்.

மருந்து ஏன் வேண்டாம்?

காரணம் இரண்டு.

மருந்து தின்ற எலி வெளியே வந்து சாகும் என்பது நிச்சயம் இல்லை. சுவருக்குள்ளேயே செத்து விட்டால், நாற்றம் பல நாள் போகாது. சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் பெரிது. எலிப்பசையில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது உண்டு. இது கொடிய விஷம். பற்பசை போலவே குழாயில் இருக்கும். குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா? இந்த விஷத்தை முறிக்கத் தனி மருந்து கிடையாது. தின்றவர் முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும். 2, 3 நாள் கழித்துக் கல்லீரல் கெட்டு, உயிருக்கே ஆபத்து வரும்.

யாராவது தெரியாமல் வாயில் வைத்து விட்டால், கை வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கவும் கூடாது. 108-க்கு போன் செய்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மருந்துக் குழாயையும் கையோடு கொண்டு போங்கள்.

வழியைக் கண்டுபிடியுங்கள்

எலி எந்த வழியாக வருகிறது? கோலமாவு இருந்தால் போதும். இரவு படுக்கும் முன், சுவர் ஓரமாக மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் எலியின் கால் தடம் தெரியும். எலி எப்போதும் சுவரை ஒட்டியே ஓடும். அதன் உடம்பு அழுக்கு பட்டு, சுவரில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அதையும் பாருங்கள்.

பென்சில் நுழையும் துளை இருந்தால், சுண்டெலி வந்து விடும். கட்டைவிரல் நுழையும் துளை, பெரிய எலிக்குப் போதும். சமையல் மேடைக்கு அடியில், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில், கதவுக்கு அடியில் தேடுங்கள்.

முதலில் பிடியுங்கள், பிறகு அடையுங்கள்!

பலர் செய்யும் தவறு, துளையைக் கண்டதும் சிமெண்டு பூசி விடுவது. எலி உள்ளே மாட்டிக் கொண்டால், வேறு பக்கம் சுவரைக் குடையும். அல்லது உள்ளேயே சாகும்.

மற்றத் துளைகளை அடைத்து, எலி அதிகம் நடமாடும் ஒரு துளையை மட்டும் விட்டு வையுங்கள். அதன் அருகில், சுவரை ஒட்டி எலிப்பொறியை வையுங்கள். சுட்ட தேங்காய்ச் சில், மசால் வடை, கருவாடு ஆகியவற்றுக்கு எலி ஓடி வரும்.

ஒரு சூட்சுமம் உண்டு. எலி சந்தேகப் பிராணி. புதுப் பொருளைக் கண்டால் கிட்டே வராது. ஆகவே, முதல் 3 நாள் பொறியை மூடாதபடி வைத்துத் தீனியை மட்டும் போடுங்கள். பயம் தெளிந்து தின்னும். 4-வது நாள் பொறியைப் பூட்டுங்கள்!

ஓர் எலி சிக்கியதும் நிறுத்தி விடாதீர்கள். குட்டிகளும் உள்ளே இருக்கலாம். ஒரு வாரம் வரை, சத்தமும் தடமும் இல்லை என்று ஆன பிறகே கடைசித் துளையை அடைக்க வேண்டும். கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டு, அல்லது இரும்பு வலை வைத்துப் பூசிய சிமெண்டு நல்லது. துணி, மரத்துண்டு வைத்து அடைத்தால், எலி ஒரே இரவில் கடித்து விடும். பொறியையும் கண்ணாடித் துண்டையும் குழந்தையின் கைக்கு எட்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

மூஞ்சூறைக் கொல்லாதீர்கள்

நீண்ட மூக்கும், ‘கீச் கீச்’ சத்தமும், ஒரு வாடையும் இருந்தால் அது மூஞ்சூறு. அது எலி இனம் அல்ல. கரப்பான் பூச்சியைத் தின்னும். அதை வெளியே விரட்டினால் போதும்.

பெருக்காதீர்கள்!

எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கினால், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சிறிது நேரம் ஊற விடுங்கள். பிறகு கையுறை போட்டுக் கொண்டு, துணியால் துடையுங்கள். செத்த எலியையும் வெறும் கையால் தொடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

தீனி இல்லாத வீட்டில் எலி தங்காது. அரிசி, பருப்பை மூடி உள்ள தகர டின்னில் வையுங்கள். எச்சில் பாத்திரத்தை இரவிலேயே கழுவுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டுங்கள்.

இவ்வளவும் செய்து விட்டால், இரவு 12 மணிக்குச் சுவரில் காது வைத்துக் கேளுங்கள். சத்தம் இருக்காது. மனைவி நிம்மதியாகத் தூங்குவார். குழந்தையும் பத்திரமாக இருக்கும்!