காலி செய்யச் சொன்னால் உடனே காலி செய்ய வேண்டுமா?

"அடுத்த மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து கொடுங்கள்." வாடகை வீட்டில் வாழும் எந்தக் குடும்பத்தையும் நிலைகுலையச் செய்யும் சொற்கள் இவை. வெள்ளாற்றங்கரையில் உள்ள எங்கள் புவனகிரி போன்ற சிற்றூர்களிலும், பல்கலைக்கழகத்தை நம்பி வாடகைக் குடியிருப்புகள் பெருகிய சிதம்பரத்திலும் இவற்றை அடிக்கடிக் கேட்க முடிகிறது. ஜூன் மாதத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த ஒருவரிடம் அக்டோபரில் இப்படிச் சொன்னால், வண்டிச் செலவும் புதிய முன்பணமும் மட்டுமல்ல, பிள்ளையின் படிப்பும் கேள்விக்குறியாகிறது. உரிமையாளருக்கு ஒரு மாத வாடகை இழப்பு. குடியிருப்பவருக்கோ ஓராண்டு வாழ்க்கைத் திட்டமே கலைகிறது. சட்டம் தலையிட வேண்டிய இடம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

தலையிடவும் செய்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டம் வாடகைத் தொகையையே கட்டுப்படுத்த முயன்றது. புதிய சட்டம் தொகையை இருதரப்பு ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டு, அந்த ஒப்பந்தத்தைக் காக்கிறது.

அதன் 21-ஆவது பிரிவு, ஒப்பந்தக் காலம் நடப்பில் இருக்கும்போது, சட்டம் வகுத்த காரணங்களுக்காக அன்றி வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்கிறது. வாடகை பாக்கி, எழுத்து மூலமான இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், எச்சரித்த பின்னும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், ஆள் இருக்கும்போது செய்ய இயலாத பழுதுபார்ப்பு அல்லது மறுகட்டுமானம், உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் ஒன்று இருந்தாலும், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்து, காரணத்தை மெய்ப்பித்து, ஆணை பெற வேண்டும். வாய்ச்சொல்லோ, வழக்கறிஞரின் அறிவிக்கையோ வெளியேற்றும் ஆணை ஆகாது. வேறொருவர் கூடுதல் வாடகை தருகிறார் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

வீட்டை விற்றுவிட்டால்? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். வாடகை பெறும் உரிமையோடு ஒப்பந்தத்தை மதிக்கும் கடமையும் அவருக்கு மாறுகிறது.

மின்சாரத்தைத் துண்டிப்பது, குடிநீரை நிறுத்துவது போன்ற மறைமுக நெருக்கடிகளையும் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு நேர்ந்தால் வாடகை அதிகாரியிடம் முறையிட்டு இடைக்கால உத்தரவு கோரலாம். வாடகையை வாங்க மறுத்து, பின்னர் 'பாக்கி' என்று குற்றம் சாட்டுவது இன்னொரு உத்தி. அப்போது அஞ்சல் அல்லது வங்கி வழியாக வாடகையை அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழியுண்டு. பூட்டை மாற்றி வெளியே தள்ளினால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து இடத்தை மீட்கலாம். நிலையான அனுபவத்தில் உள்ளவரைச் சட்ட வழியிலன்றி அப்புறப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் பலர் ஏன் வாய் திறவாமல் வெளியேறுகிறார்கள்? கையில் காகிதம் இல்லை என்பதே காரணம். எங்கள் பகுதியில் வாடகை பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில் நடக்கிறது. மிஞ்சினால் முத்திரைத்தாளில் ஒரு பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் பிறந்த வழக்கம் அது. ஆனால், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், வாடகை அதிகாரியிடம் அதன் பதிவையும் கோருகிறது. பதினொரு மாதம் என்பதால் விலக்கு இல்லை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சான்றாக முன்வைப்பதில் சிக்கல் எழும். சட்டம் வருவதற்கு முன்பிருந்தே குடியிருப்போர் விஷயத்தில், எழுத்து ஒப்பந்தம் ஏற்படாமல் போவதே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம்.

உரிமையாளரின் தரப்பும் உண்டு. நானும் என் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்பவன். ஓய்வுக்காலத்தில் அந்த வருவாயின் அருமை எனக்குத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குடிவைத்தால் திரும்பப் பெற முடியாதோ என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம் என்று பொருளியலாளர் பலர் கருதுகின்றனர். எனவே காலம் முடிந்ததும் இடத்தை ஒப்படைப்பது வாடகைதாரரின் கடமை. ஒப்பந்தக் காலத்தை இரு தரப்பும் மதித்தால்தான் வீடுகள் சந்தைக்கு வரும், வாடகையும் தணியும்.

ஆகவே, குடிபோகும் நாளிலேயே காலத்தையும் வாடகையையும் முன்பணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு, பதிவு செய்துவிடுங்கள். 'ஒரு மாத முன்னறிவிப்பில் எத்தரப்பும் முடித்துக்கொள்ளலாம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கல்வியாண்டு முடியும்வரை அது செல்லாது என்று சேர்க்கக் கேளுங்கள். வேறுவித ஒப்பந்தம் இல்லையேல், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதத்தைத் திருப்பித் தர வேண்டும். அரசு விலக்களித்த சமய, அறநிறுவனக் கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால், கோயில், மடம் சார்ந்த இடங்களில் குடியிருப்போர் முதலில் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இடையில் காலி செய்யச் சொன்னால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவுடன் கேளுங்கள். காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம். அப்படியானால் கால அவகாசத்தையும் இடமாற்றச் செலவையும் பேசித் தீர்த்துக்கொள்வதே இரு தரப்புக்கும் ஆதாயம். அந்தப் பேச்சில் சமமாக உட்கார வேண்டுமானால், வாடகைதாரரின் கையில் பதிவு செய்த ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.