பேஸ்மென்ட்டில் பாசி வளர்த்தால் கரன்ட் கிடைக்குமா?

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தொட்டி கட்டி, எல்இடி லைட் போட்டு கடல்பாசி வளர்த்தா, அதுலேர்ந்து பயோகேஸ் எடுக்கலாமா?" படிச்சதும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. இடம் சும்மாதானே கிடக்கு?

சரின்னு கணக்குப் போட்டேன். 100 யூனிட் கரன்ட்டை எல்இடிக்குக் கொடுத்தா, சுமாரா பாதி ஒளியாகும். மிச்சம் சூடாகிப் போயிடும். அந்த 50-ல பத்தில் ஒரு பங்கைப் பாசி தன் உடம்பாக மாற்றுதுன்னு வெச்சுக்குவோம்: 5. அதைப் புளிக்க வைத்து மீத்தேன் எடுத்து, ஜெனரேட்டர் ஓட்டினா, ஒவ்வொரு படியிலும் இழப்பு. கடைசியில ரெண்டு யூனிட் கூடத் தேறாது. நூறு ரூபாய் போட்டு ரெண்டு ரூபாய் எடுக்கிற வியாபாரம்!

அப்போ கட்டடத்துல பாசியே வளர்க்க முடியாதா? முடியும். ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல 'பிஐக்யூ'ன்னு ஒரு குடியிருப்பு இருக்கு. 2013-ல் திறந்தாங்க. 15 வீடுகள். வெயில் படுற வெளிச்சுவர்களில் 129 கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே தண்ணீர், அதில் நுண்பாசி. கடல்பாசி மாதிரி இலை இலையா இருக்காது. தண்ணியே பச்சையா தெரியும். கேஸ் பாய்லர் புகையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடுதான் அதுக்குச் சாப்பாடு. வளர்ந்த பாசியை வடித்தெடுத்து, பயோகேஸ் தயாரிக்க வெளியே அனுப்பும் ஏற்பாடு.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, அங்க விளக்கு இல்லை, வெயில் இலவசம். ரெண்டாவது, வடிவமைத்தவர்கள் சொன்ன கணக்குப்படியே, விழும் ஒளியில் சுமார் 10 சதவீதம்தான் பாசியாகும்; 38 சதவீதம் வெந்நீர்ச் சூடாகக் கிடைக்கும். அதாவது ஹீரோ பாசி இல்லை, சூடு! ஹாம்பர்க் குளிருக்கு அது வரம். சென்னையில் அந்தச் சூட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

அதனால அந்த நேயருக்கு என் பதில்: தொட்டி கட்டுங்க. ஆனா பேஸ்மென்ட்ல இல்லை, காற்றோட்டமான இடத்துல. பாசிக்குப் பதிலா, உங்க அபார்ட்மென்ட் கிச்சன் கழிவைப் போடுங்க. அந்தச் சோறும் காய்கறியும் ஏதோ ஒரு வயல்ல ஏற்கெனவே வெயிலைக் குடிச்சாச்சு. அதுக்கு நீங்க கரன்ட் பில் கட்ட வேண்டியதில்லை.