கந்தகத்தில் ஒரு வீடு! உங்களுக்குத் தெரியுமா?

பட்டாசில் இருக்கும் கந்தகம் தெரியும். கந்தகத்தில் கட்டிய வீடு தெரியுமா? 1972-லேயே கட்டிவிட்டார்கள், கனடாவின் மாண்ட்ரியல் தீவில்!

கட்டியவர்கள் மெக்கில் பல்கலைக்கழகத்தின் 'குறைந்த செலவு வீடமைப்புக் குழு'. தொடங்கியவர் கொலம்பியாக்காரர், அல்வாரோ ஒர்தேகா. ஆண்டு 1971. ஏழை நாடுகளுக்கு மலிவு வீடு தேடுவதுதான் வேலை. அதுவும் மைனஸ் இருபதில் விறைக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு!

ஏன் கந்தகம்? எண்ணெயையும் எரிவாயுவையும் சுத்திகரித்தால் மிஞ்சுவது அது. கனடாவில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. சுமார் 120 டிகிரியில் உருகிவிடும். மணலைக் கலந்து அச்சில் ஊற்றினால், ஆறியதும் கல்! சிமென்ட் வேண்டாம். தண்ணீர்? ஒரு சொட்டுகூட வேண்டாம்! (புதுச்சுவருக்கு நாள்கணக்கில் தண்ணீர் அடித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.)

கக்கூஸையும் விடவில்லை! ஒரு தடவை ஃபிளஷ் செய்ய ஐந்து கேலனா என்று கொதித்து, 1973-ல் மாற்றுக் கழிவறைகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். தண்ணீரை மூடுபனிபோலத் தெளித்துக் குளிக்க முடியுமா என்றும் சோதித்தார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு இது எப்போது வருமோ!

அடுத்தது நம்ம இந்தூர்! அங்கே குடிசைவாசிகளையே குருவாக வைத்துக்கொண்டார்கள். எங்கே மரம், எங்கே பெட்டிக்கடை, வாசல் திண்ணையில் என்ன வேலை நடக்கிறது... எல்லாவற்றையும் அளந்து வரைந்தார்கள். 1984-ல் அறிக்கை வந்தது. கூட்டாளி யார் தெரியுமா? கட்டடக் கலைஞர் பி.வி.தோஷியின் வாஸ்து-சில்பா அறக்கட்டளை!

அந்தத் தோஷி அதே இந்தூரில் எழுப்பிய குடியிருப்புதான் ஆரண்யா. ஏழைக்கு முழு வீடு கிடையாது. மனை, அஸ்திவாரம், கழிவறை, ஓர் அறை. மிச்சத்தைக் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ளலாம்! இன்று 6,500-க்கும் மேற்பட்ட வீடுகள். 80,000 பேருக்கு மேல்! 1995-ல் ஆகா கான் விருது. 2018-ல் தோஷிக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு. அதை வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்!

மிச்சத்தை அவரவரே கட்டிக்கொள்ளும் இதே சங்கதி மாண்ட்ரியலுக்கும் போனது. 1990-ல் மெக்கில் வளாகத்தில் ஒரு மாதிரி வீடு. அகலம் வெறும் 14 அடி! மாடியை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார்கள். வாங்குகிறவர் முடித்துக்கொள்ளட்டுமாம்!

கொழும்பு, கம்பாலா, ரொசாரியோ மூன்று ஊர்களிலும் குடியிருப்புக்குள்ளேயே காய்கறி வளர்க்கும் திட்டம் போட்டதும் இந்த மெக்கில் குழுதான். பிறகு 2007-ல் தங்கள் வளாகத்துக் கான்கிரீட் தரையிலேயே தொட்டி வைத்தார்கள். விளைந்த காய்கள் எங்கே போயின? வெளியே நடமாட முடியாத முதியவர்களின் சாப்பாட்டுத் தட்டுக்கு!