கதைக்குரிய கரு

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் வத்தலக்குண்டு என்னும் ஊர் உள்ளது. கோடைக்கானலுக்கு மலைப்பாதை வழியே செல்வோர் பலரும் இவ்வூரைக் கடந்தே செல்வர். மேலே மூடுபனியும், ஏரியும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சி மலரும் உள. இவற்றைக் கண்டு மீள்வோர்க்கு, ‘இதனை ஒரு கதையாக எழுதலாமே’ என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பே. ஆயின், குறிஞ்சி பூத்தது என்பது செய்தி மட்டுமே. சென்ற முறை அது பூத்தபோது உடனிருந்து கண்ட ஒருவர் இம்முறை இல்லை எனின், அங்கே கதை தொடங்குகின்றது.

ஆதலின் கரு ஒன்று தோன்றியவுடன் எழுதுகோலை எடுத்தல் வேண்டா. சில நாள் அதனை மனத்தில் ஊறவிட்டு, ‘இதனால் யார் எதனை இழக்கின்றார்? யார் எதனைப் பெறுகின்றார்?’ என வினவுதல் நலம். விடை கிடைக்கவில்லையாயின், அதனை நாட்குறிப்பில் எழுதிவைத்து அமையலாம். அதற்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ!

வத்தலக்குண்டைத் தம் ஊராகக் கொண்ட எழுத்தாளர் மூவர் இதனை நன்குணர்ந்திருந்தனர். அவருள் மூத்தவர் பி. ஆர். ராஜமையர் (1872–1898). அவர் எழுதத் தொடங்கியபோது தமிழில் நாவல்கள் மிகச் சிலவே. 1879-இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், தலைவி ஆண் வேடம் பூண்டு அரசாளவும் செய்கின்றாள். அத்தகைய வியப்புகளை நாடாது, இருபது வயதைச் சற்றே கடந்த ராஜமையர், சிறுகுளம் என்னும் சிற்றூரின் ஓர் இல்லத்தையும், அவ்வூர்ப் பெண்டிர் கூடிப் பேசும் வம்பையும் கருவாகத் தேர்ந்தார். வம்பு மிக அற்பமான பொருளாகத் தோன்றும். எனினும், பேச்சு முற்றிப் பழியாகிக் கணவன் உள்ளத்தில் ஐயத்தை விதைக்குமாயின், அதனினும் கொடியது வேறு யாது? 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தபோது அந்நாவலுக்கு இட்ட பெயரே ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பதாம்.

பி. எஸ். ராமையா (1905–1983) எடுத்துக்கொண்ட கரு இன்னும் சிறியது. விண்மீன் ஒன்று விழக் கண்ட சிறுமி, எவரோ பொய் சொல்லிவிட்டார் என்று அழுகின்றாள். ‘நட்சத்திரக் குழந்தைகள்’ என்னும் சிறுகதை அவ்வளவே. விண்மீன் வீழ்தலைக் கண்டோர் பலர். அதற்காக அழுதோர் அரியர்.

சி. சு. செல்லப்பாவுக்கோ (1912–1998) பெரிய ஆரவாரமே கருவாக வாய்த்தது. அவர் வட்டாரத்திற்கு மாடுபிடி விழா புதிதன்று. திமிலும் கொம்பும் புழுதியும் கூட்டமும் வருணனைக்கு ஏற்றவையே. வருணனையோடு நின்றிருப்பின், அது விழாவைப் பற்றிய நல்லதொரு கட்டுரையாய் முடிந்திருக்கும். 1959-இல் வெளிவந்த ‘வாடிவாசல்’ அவ்வாறு நிற்கவில்லை. காரி என்னும் காளை தன் தந்தையைக் கொன்றது; அதனை அடக்க மகன் பிச்சி வருகின்றான். காளையோ ஜமீன்தாருடையது. அது பிடிபட்டால் தாழ்வது அவர் பெருமையே. ஒரே விலங்கின்மேல் ஒருவனுடைய கடனும் மற்றொருவருடைய மானமும் ஏறி நிற்கின்றன. பிச்சி காரியை அடக்குகின்றான். அவன் வந்த செயல் முடிந்தது, கதை முடியவில்லை. தோற்ற காளையை ஜமீன்தார் தம் கையாலேயே சுட்டு வீழ்த்துகின்றார்.